தண்ணீர் மட்டும் சுமக்க வேண்டாம்

1984-இல் பாட்ரிக் பாயர் என்ற பிரெஞ்சுக்காரர் சகாராவில் தனியாக 350 கிலோமீட்டர் நடந்தார். 12 நாள். தண்ணீர், சாப்பாடு எல்லாமே முதுகில். அந்த நடைதான் 1986-இல் மொரோக்கோவில் 23 பேரோடு ஆரம்பித்த 'மாரத்தான் டெ சாப்ல்' பந்தயத்துக்கு விதை.

இதில் ஒரு வாரச் சாப்பாட்டையும் படுக்கையையும் ஓடுபவரே சுமக்கணும். தண்ணீரும் கூடாரமும் மட்டும் அமைப்பாளர்கள் தருவாங்க. 'தண்ணிதானே' என்று நானும் முதலில் நினைத்தேன், 1994 கதையைப் படிக்கும்வரை.

அந்த வருஷம் இத்தாலியப் போலீஸ்காரர் மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் சிக்கினார். புயல் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கணும் என்பது விதி. முன்னணியில் இருந்தவர், இடம் போயிடுமேன்னு ஓடிக்கிட்டே இருந்தார். புயல் அடங்கியபோது பாதையே இல்லை. அதாவது, அடுத்த தண்ணீர் பாட்டிலும் இல்லை.

ஆளில்லாத ஒரு தர்காவில் ஒதுங்கினார். சிறுநீரைக் குடித்தார், வௌவாலைத் தின்றார். நம்பிக்கை போய் சாகவும் முயன்று, பிழைத்தார். பிறகு, விடியற்காலையில் அடிவானத்தில் தெரியும் மேகத்தை நோக்கி நட என்று துவாரெக் மக்கள் சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒன்பது நாள் கழித்து நாடோடிகளிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் இருந்தது அல்ஜீரியாவில்! இதையெல்லாம் பாயர் முழுசா நம்பவில்லை என்பது தனிக்கதை.

அதைவிட ஆச்சரியம், ப்ரோஸ்பெரி சில வருஷம் கழித்து அதே பந்தயத்துக்குத் திரும்பப் போனார்.