ஒன்றரை ஷிப்டும் ஒரு மணி நேர ஆலோசனையும்: கிராஸ்ப் ஆய்வைத் திருப்பூரிலிருந்து வாசித்தல்

தோளின் ரொட்டேட்டர் கஃப் தசைநார் வலிக்கான இயன்முறை சிகிச்சை பற்றிய எழுத்துகளில், 2021-இல் லான்செட் இதழில் கிராஸ்ப் ஆய்வு வெளிவந்த பிறகு, ஒரு வாசிப்பு வேரூன்றிவிட்டது. ஆறு அமர்வுகள் வரை நீளும் படிப்படியான பயிற்சியும் ஒரே ஒரு அமர்வில் தரப்படும் ஆலோசனையும் ஓராண்டின் முடிவில் ஒரே பலனைத்தான் தந்தன; ஆகவே ஒரு அமர்வு போதும் என்பது அதன் முதல் படி. இயன்முறை மருத்துவர்கள் குறைவாகவும் நோயாளிகள் மிகுதியாகவும் உள்ள நாடுகளுக்கு இது நற்செய்தி, தொழிலாளர் நிறைந்த நகரங்களில் ஆலோசனையும் கையேடும் காணொளியும் கொடுத்தாலே வேலை முடிந்தது என்பது இரண்டாவது படி. முதல் படியை நான் ஏற்கிறேன். இரண்டாவது படி அந்த ஆய்விலிருந்து கிளைக்கவில்லை என்பதே இங்கு என் வாதம். பனியன் கம்பெனித் தொழிலாளியின் தோளைப் பொறுத்தவரை அது தீங்கான முடிவும்கூட.

ஆய்வின் எண்களில் குறை காண இடமில்லை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைச் சேர்ந்த 20 அமைப்புகளில் 708 பேர் பங்கேற்றனர். அனைவருக்கும் ஆறு மாதங்களுக்குள் தொடங்கிய வலி. சராசரி வயது ஐம்பத்தைந்தைச் சற்றுத் தாண்டியது. ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். வலியையும் இயலாமையையும் நூறு புள்ளிகளில் அளக்கும் ஸ்பாடி அளவுகோலில், இரு சிகிச்சைகளுக்கும் இடையே பன்னிரண்டு மாதங்களில் தெரிந்த வேறுபாடு 0.66 புள்ளி. நோயாளிக்கு உணரத்தக்கதாக ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட வேறுபாடு எட்டுப் புள்ளி. அதே ஆய்வில் சோதிக்கப்பட்ட ஸ்டீராய்டு ஊசி எட்டாம் வாரத்தில் சிறிது உதவியது, ஓராண்டில் அந்த உதவியும் கரைந்துவிட்டது. ஆறு அமர்வு ஒன்றைவிட மேலானதல்ல என்பது இவ்வளவு தெளிவாக நிறுவப்படுவது இந்தத் துறையில் அரிது.

ஆனால் அந்த ‘ஒன்று’ எத்தகையது? பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் வரை நோயாளியோடு அமர்ந்து, தோளை அசைத்துச் சோதித்து, வலியின் போக்கை விளக்கி, அவரவர் நிலைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இயலும் எளிய பயிற்சிகளைக் காட்டி, கையேடும் காணொளியும் கொடுத்தனுப்பிய அமர்வு அது. திருப்பூரில் தோள் வலியோடு போகும் டெய்லருக்குப் பெரும்பாலும் கிடைப்பது சில நிமிடப் பேச்சும், வலி மாத்திரையும், பத்து நாள் ‘கரண்ட்’ வைக்கும் சீட்டும்தான். ஆய்வில் தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் ஆறு அமர்வு இங்கே ஒருபோதும் நடைமுறையில் இருந்ததில்லை, வென்றதாகச் சொல்லப்படும் ஓர் அமர்வும் அப்படியே. எனவே ‘குறைத்தாலும் போதும்’ என்ற முடிவை இங்கு கொண்டுவருவோர், எதிலிருந்து எதைக் குறைக்கிறார்கள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஆய்வின் தருக்க அமைப்பிலேயே இருக்கிறது. சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களைப் பிரித்து ஒப்பிடும்போது, குழுக்களுக்கிடையே எது வேறுபடுகிறதோ அதன் விளைவு மட்டுமே புலப்படும். இரு குழுக்களுக்கும் பொதுவானது எதுவோ அது ஒப்பீட்டில் அழிந்துபோகும். ஒரே கிணற்று நீரில் வைத்த இரண்டு குழம்புகளை ருசித்து ஒப்பிடுகிறவருக்கு மசாலாவின் வேறுபாடு தெரியும், நீரின் உப்பு தெரியாது. கிராஸ்ப் ஆய்வில் எல்லாக் குழுக்களும் ஓராண்டில் முன்னேறின. சிகிச்சையே இல்லாத குழு ஒன்று அதில் இல்லை. ஆகவே அந்தப் பொது முன்னேற்றம் எதனால் வந்தது என்பதற்கு ஆய்வு விடை தரவில்லை, தருவதாகவும் சொல்லவில்லை. காலப்போக்கில் தானாகத் தணிந்ததா, விளக்கம் தந்த நிம்மதியா, அல்லது தோளின் மேல் விழும் சுமையைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ள அந்த நோயாளிகளுக்கு இருந்த இடமா?

கடைசிச் சாத்தியத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் தரும் சான்றிதழில் ‘வேலைக்குத் தகுதியற்றவர்’ என்பதோடு இன்னொரு தேர்வும் உண்டு: சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம். படிப்படியாக வேலைக்குத் திரும்புதல், நேரத்தை மாற்றுதல், பணியின் தன்மையை மாற்றுதல், பணியிடத்தைத் திருத்துதல் என்று நான்கு வழிகள் அந்தத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதோடு 28 வாரம் வரை சட்டப்படியான நோய்க்கால ஊதியமும் உண்டு. அது சொற்பத் தொகை என்பதும், பங்கேற்றோரில் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ‘வலி கூடினால் குறையுங்கள், தணிந்தால் கூட்டுங்கள்’ என்ற அறிவுரை அவர்களிடத்தில் பின்பற்றத்தக்க அறிவுரையாக இருந்தது. தசைநாருக்கான பயிற்சியின் சாரமே இந்த ஏற்ற இறக்கம்தான். பட்டை இழுத்துச் செய்யும் பயிற்சியால் நாளில் இருபது நிமிடம் தோளுக்குச் சுமை கொடுக்கிறோம். மீதி நேரச் சுமையைத் தீர்மானிப்பது தொழில்.

திருப்பூரில் அந்த மீதி நேரம் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் அதற்கும் மேல். இந்த நேரத்தில் தோள் செய்யும் வேலை ஒரே வகையானதல்ல. நிட்டிங் பிரிவில் நூல் கோன்களைத் தலைக்கு மேலுள்ள ஸ்டாண்டில் ஏற்றுகிறவரின் கை தோள் மட்டத்தைத் தாண்டுகிறது. வெல்டர்கள், பெயின்டர்கள், மெக்கானிக்குகள் ஆகியோரிடம் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் கண்ட நோய்க்கூறு அவருக்குப் பொருந்தும். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் உட்காருகிற டெய்லரின் கை ஒருபோதும் தலைக்கு மேல் போவதில்லை. முழங்கையைச் சற்றே விலக்கி, பீஸை ஊசிக்குக் கீழே நகர்த்தி, அடுத்த பீஸுக்குப் பண்டலை எட்டுவதே அவர் வேலை. எலும்பு மேலிருந்து உரசித் தசைநாரைத் தேய்க்கிறது என்று சார்லஸ் நீர் 1972-இல் முன்வைத்த விளக்கம் இந்தத் தோளுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் 1980-களில் ஸ்வீடனில் யார்வ்ஹோல்மும் குழுவினரும் ரொட்டேட்டர் கஃபைச் சேர்ந்த சூப்ராஸ்பைனேட்டஸ் தசைக்குள் அழுத்தத்தை அளந்தபோது, கையைச் சிறிதளவு பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தாலே இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதைக் கண்டனர். டெய்லரின் தோளுக்கு உயரம் பகையல்ல, இடைவெளி இல்லாமையே பகை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை, அது என் வாதத்தையும் கட்டுப்படுத்தும். டெய்லர் சொல்லும் தோள் வலி எல்லாம் ரொட்டேட்டர் கஃப் வலியல்ல. உடற்படத்தில் வலிக்கும் இடத்தைக் குறிக்கச் சொல்லும் நார்டிக் வினாப்படிவம் 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. கழுத்தடித் தசையின் வலியையும் தசைநாரின் வலியையும் அதனால் பிரிக்க முடியாது. கையால் தொட்டுச் சோதித்த ஆய்வு என்ற வகையில் கேர்கார்டும் ஆண்டர்சனும் 2000-இல் வெளியிட்ட டேனிஷ் ஆய்வே இங்கு நமக்கு நெருக்கமானது. 243 பெண் தையல் தொழிலாளர்களில் தசைப் பிடிப்பு வலி 15.2 விழுக்காட்டினரிடமும், ரொட்டேட்டர் கஃப் அழற்சி 5.8 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஒப்பீட்டுக் குழுவில் இவை 9.0, 2.2. அதாவது தையல் தொழிலிலும் கஃப் நோயாளிகள் சிறுபான்மையே. ஆனால் இரண்டாண்டு தொடர்ந்து பார்த்தபோது பிடிவாதமாகத் தங்கியது கஃப் அழற்சிதான். அது மெஷினில் உட்கார்ந்த ஆண்டுகளோடும் சேர்ந்து ஏறியது. கிராஸ்ப் நோயாளிகள் ஓராண்டில் தேறுகிறார்கள், டேனிஷ் டெய்லர்களிடம் கஃப் அழற்சி இரண்டாண்டாகியும் பிடிவாதமாகத் தங்கியது. நோயைக் கண்டறிந்த வரையறைகளும் நோயின் கால நீட்சியும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இந்த முரண் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கியூபெக்கில் பிரிசோனும் சக ஆய்வாளர்களும் 1989-இல் காட்டிய தொடர்பும் இதே திசையில்தான் நிற்கிறது: பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் கணக்குக் கூலியில், உழைத்த ஆண்டுகள் கூடும்போது கடுமையான இயலாமையும் கூடியது.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு திருப்பூரிலிருந்தே வருகிறது. கெர்ட் டி நெவ் 2014-இல் எழுதிய கட்டுரையில், பல தொழிலாளர்கள் பெரிய ஏற்றுமதிக் கம்பெனியின் கெடுபிடியான நேரக் கட்டுப்பாட்டைவிடச் சிறு பட்டறையின் பீஸ் ரேட்டை விரும்புவதைக் காட்டினார். வேண்டும்போது வரலாம், லீவு எடுக்கலாம், கம்பெனி மாறலாம் என்பது அவர்கள் மதிக்கும் சுதந்திரம். அப்படியானால் சுமையைத் தாமே கூட்டிக் குறைக்கும் இடம் பீஸ் ரேட் டெய்லருக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீஸ் ரேட்டை எடுத்த எடுப்பிலேயே நோயின் வேராகக் காட்டும் எழுத்துகள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் நாள் கணக்கில் இயங்குவது. ஒரு நாள் முழுக்க வராமல் இருக்கலாம். வந்த நாளில் பவர் டேபிளில் அமர்ந்துவிட்டால், பக்கத்து மெஷினும் உதவியாளான கைமடியும் போகும் வேகத்துக்குத்தான் போக வேண்டும். தசைநாருக்கு வேண்டியது நேர்மாறான ஒழுங்கு: தினமும் வேலை, அளவோடு வேலை, இடையிடையே சில நிமிட ஓய்வு. நான்கு நாள் ஒன்றரை ஷிப்ட் அடித்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பது தேறும் தோளுக்கு மிக மோசமான அட்டவணை. அதோடு, எடுத்த ஒவ்வொரு ஓய்வும் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும்.

சில ஆட்சேபங்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் என்ன செய்வது என்கிறார்கள். 1995-இல் ஷெர் குழுவினர் வலியே இல்லாத 96 பேரின் தோளை எம்.ஆர்.ஐ எடுத்தபோது 34 விழுக்காட்டினரிடம் கிழிசல் இருந்தது. விழுந்து அடிபட்டவரின் கிழிசல் வேறு விஷயம், அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை போலி அறுவையைவிட மேலானதல்ல என்பதை 2018-இல் பிரிட்டனின் சீசா ஆய்வும் பின்லாந்தின் ஃபிம்பாக்ட் ஆய்வும் காட்டிவிட்டன. தொழிலாளர்கள் வீட்டில் பயிற்சி செய்ய மாட்டார்கள் என்ற குறைக்கு, இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்து அடுப்பு மூட்டுகிறவரிடம் அதை எதிர்பார்ப்பதே பிழை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. உறைதோளை மட்டும் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். சர்க்கரை நோய் பரவலாக உள்ள இந்த மாநிலத்தில், பிறர் பிடித்து அசைத்தாலும் வெளிப்புறம் திரும்பாத தோளுக்கு இங்கு சொல்லப்படுவது எதுவும் பொருந்தாது.

பணியிடத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவரலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஹாங்காங்கில் செங், ஹங் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையால் கஃப் பாதிப்புற்ற 94 பேரில் ஒரு குழுவுக்கு மருத்துவமனையிலும் மறு குழுவுக்கு அவர்களுடைய பணியிடத்திலும் நான்கு வாரப் பயிற்சி தரப்பட்டது. பணியிடக் குழுவில் வேலைக்குத் திரும்பியோரின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கு. லாஸ் ஏஞ்சலஸ் தையல் தொழிலாளர்களிடம் ரெம்பெல், வாங் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் அதே ஆண்டில் செய்த ஆய்வில், இருக்கைப் பரப்பு வளைந்த நாற்காலி கொடுத்ததே கழுத்து, தோள் வலியைக் குறைத்தது. முதலாவது குறுகிய காலத்தது, இரண்டாவது கஃப் நோயாளிகளைத் தனியே பிரிக்காதது. இருந்தும் இரண்டும் மருந்துச் சீட்டை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து எழுதியவை.

இங்கே அதைத் தடுப்பது மருத்துவ அறிவின் குறை அல்ல, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ தரும் உதவித்தொகையின் வடிவம். நோய்க்கால உதவியாகச் சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் வேலை செய்த எந்த நாளுக்கும் அந்த உதவிக்கு உரிமையில்லை என்று 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 63-ஆம் பிரிவு வகுத்தது. ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்துக்கொண்ட டெய்லருக்கு இதில் இடமில்லை. முழு லீவு அல்லது முழு வேலை. தசைநாரின் உடலியல் பாதி வேலையைக் கேட்கிறது, சட்டம் பாதி வேலையை அறியாது. அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலிருந்த தொழில் நோய்களில் தோள் சேரவில்லை என்று வருந்துவோர் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலும் மணிக்கட்டையும் முழங்கையையும் பெயர் சொல்லிக் குறித்துவிட்டுத் தோளைத் தனியே குறிக்கவில்லை. பட்டியலில் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் அது நிலைத்த இழப்புக்கு ஈடு தரும் வழி. தேறக்கூடிய தோளுக்கு முதலில் வேண்டியது 63-ஆம் பிரிவு வகுத்த அந்த விதியில் ஒரு விலக்கு.

ஆகவே கிராஸ்ப் ஆய்வைத் திருப்பூரில் மீண்டும் நடத்துவதானால், ஓர் அமர்வா ஆறு அமர்வா என்று கேட்பதில் பயனில்லை. கையால் சோதித்துக் கஃப் வலி என்று உறுதிசெய்த டெய்லர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேர ஆலோசனையை முழுமையாகத் தர வேண்டும். அவர்களில் பாதிப் பேரை மட்டும் பன்னிரண்டு வாரம் ஒரு ஷிப்டோடு நிறுத்தி, பண்டலுக்குப் பண்டல் கையைத் தளர்த்தும் இடைவெளி கொடுத்து, குறைந்த அரை ஷிப்டின் கூலியில் 70 விழுக்காட்டை ஈடு செய்ய வேண்டும். பன்னிரண்டாம் வாரத்திலும் ஓராண்டிலும் ஸ்பாடி புள்ளியையும் வாரச் சம்பளத்தையும் சேர்த்து அளக்கலாம். செலவைக் காரணம் காட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வாரம் ஆறு நாள் வீதம் 72 அரை ஷிப்ட் என்பது 36 ஷிப்ட் கூலி. அதில் 70 விழுக்காடு ஏறத்தாழ 25 நாள் கூலி. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படியான இரட்டை விகிதத்தைக் கொண்டாலும் 50 நாள் கூலிதான் ஆகும். அதே தொழிலாளி 91 நாளும் வீட்டில் படுத்திருந்தால் ஈ.எஸ்.ஐ இப்போதே தரக் கடமைப்பட்டிருக்கும் தொகை ஏறத்தாழ 64 நாள் கூலி.