ஐபோன் ஜெயில்பிரேக்கும் தோல்வியுற்ற ஃபர்ம்வேர் நிறுவலும்: ஒரு வரலாறு

ஒரு கருவியின் வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள் ஃபர்ம்வேர் (நிலைபொருள்) எனப்படும். ஐபோனின் மென்பொருளில் ஆப்பிள் நிறுவனம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளை நீக்குவது ஜெயில்பிரேக் ஆகும். ஆப்பிளின் ஃபர்ம்வேர் கோப்பை மாற்றியமைத்து, ஜெயில்பிரேக்கையும் உள்ளே சேர்த்து உருவாக்கப்படுவது கஸ்டம் ஃபர்ம்வேர். 2008 முதல் சில ஆண்டுகள் பலரும் இதைத் தம் போன்களில் நிறுவினர். நிறுவல் பாதியில் நின்றுபோனால் கணினித் திரையில் 1600, 1604, 1015, 3194 போன்ற ஓர் எண் தோன்றும். போனின் பாதுகாப்புச் சோதனைகளில் எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டது என்பதை அந்த எண் உணர்த்தியது. இக்கட்டுரை அத்தடைகளின் வரலாற்றையும், அவற்றைச் சரிசெய்யப் பயனர்கள் கையாண்ட வழிகளையும் விளக்குகிறது.

தொடக்கம்

முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது ஏடி அண்ட் டி நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கும். வெளியார் எழுதிய செயலிகளை அதில் நிறுவ வழியில்லை. அடுத்த சில வாரங்களிலேயே முதல் ஜெயில்பிரேக் முறைகள் வெளிவந்தன. ஆகஸ்ட் மாதம் 17 வயதான ஜார்ஜ் ஹாட்ஸ், வேறு நிறுவனத்தின் சிம் அட்டையிலும் ஐபோனை இயக்கிக் காட்டினார். இது 'அன்லாக்' எனப்பட்டது. ஐபோன் அதிகாரபூர்வமாக விற்கப்படாத நாடுகளில் அதைப் பயன்படுத்த அன்லாக் தேவைப்பட்டது. இந்தியாவில் ஐபோன் 3ஜி விற்பனை தொடங்கியதே 2008 ஆகஸ்டில்தான்.

2007 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அன்லாக் செய்த போனில் அடுத்த புதுப்பிப்பை நிறுவினால் அது நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும் என்றது. மூன்று நாட்களில் 1.1.1 பதிப்பு வெளியானது. அதை நிறுவிய பலரின் போன்கள் உண்மையிலேயே செயலிழந்தன. இவ்வாறு பயனற்றுப்போன போனைப் பயனர்கள் 'பிரிக்', அதாவது செங்கல், என்று அழைத்தனர்.

கஸ்டம் ஃபர்ம்வேர்

அதிகாரபூர்வப் புதுப்பிப்பு, போனின் வானொலிப் பகுதியான பேஸ்பேண்டையும் புதுப்பித்துவிடும். அதனால் அன்லாக் பறிபோகும். இதைத் தவிர்க்க ஐபோன் டெவ் டீம் என்ற குழு, மேக் கணினிகளுக்கான பௌனேஜ்டூல் என்னும் கருவியை 2008இல் வெளியிட்டது. அது ஆப்பிளின் ஃபர்ம்வேர் கோப்பை எடுத்து, பேஸ்பேண்ட் புதுப்பிப்பை நீக்கி, சிடியா என்ற செயலி நிறுவியைச் சேர்த்துப் புதிய கோப்பாகத் தரும். விண்டோஸ் பயனர்களுக்கு இதே பணியைச் செய்ய ஸ்னோபிரீஸ் என்ற கருவி பின்னர் வந்தது. உருவான கோப்பை ஐடியூன்ஸ் வழியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் ஷிப்ட் விசையையும், மேக்கில் ஆப்ஷன் விசையையும் அழுத்தியபடி 'ரீஸ்டோர்' பொத்தானைச் சொடுக்கினால் கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் தடை: 1600 வரிசைப் பிழைகள்

ஐபோன் தொடங்கும்போது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு அடுத்து வருவதன் கையொப்பத்தைச் சோதிக்கும். இச்சங்கிலியின் முதல் கண்ணி, சிப்பிலேயே பதிக்கப்பட்ட பூட்ரோம். கஸ்டம் ஃபர்ம்வேரில் ஆப்பிளின் செல்லுபடியான கையொப்பம் இருக்காது. எனவே முதலில் ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தி இச்சோதனையை முடக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஐடியூன்ஸில் நிறுவ முயன்றவர்களுக்கு 1600, 1604 போன்ற பிழைகள் வந்தன.

இதே வரிசைப் பிழைகள் யுஎஸ்பி கோளாறாலும் வரலாம். ஆகவே முதலில் கம்பியையும் இணைப்புத் துளையையும் மாற்றிப் பார்ப்பது வழக்கம். பிறகு போனை டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அக்காலப் போன்களில் பவர், ஹோம் பொத்தான்களை ஏறத்தாழ 10 விநாடி சேர்த்து அழுத்தி, பவரை மட்டும் விட்டு, ஹோமைத் தொடர்ந்து அழுத்த வேண்டும். திரை முழுக் கறுப்பாக இருந்தால் அது டிஎஃப்யூ நிலை. ஐடியூன்ஸ் சின்னமும் கம்பிப் படமும் தெரிந்தால் அது வெறும் ரிகவரி நிலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் தோல்வியுற்றவர்கள் பலர். டிஎஃப்யூ நிலைக்கு வந்த பின், ஐரெப் போன்ற கருவி சோதனையை முடக்கும். அதன் பிறகே ஐடியூன்ஸ் கஸ்டம் கோப்பை ஏற்கும்.

இரண்டாம் தடை: 1015

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப முயன்றவர்கள் 1015 பிழையைச் சந்தித்தனர். ஃபர்ம்வேர் பழையதாக மாறினாலும், புதிய பேஸ்பேண்ட் பழைய பதிப்புக்கு இறங்க மறுத்ததே காரணம். பெரும்பாலும் நிறுவல் அதற்குள் முடிந்திருக்கும். போன் ரிகவரி நிலையில் மட்டும் சிக்கி நிற்கும். ரெக்பூட், டைனிஅம்பிரெல்லா போன்ற கருவிகளால் அதை வெளியே கொண்டுவர முடிந்தது.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு எளிதில் தீரவில்லை. 2010 நவம்பரில் ஐபோன் 3ஜி, 3ஜிஎஸ் போன்களை அன்லாக் செய்ய, ஐபேடின் 06.15 பேஸ்பேண்டை நிறுவும் வழி வெளியானது. திரும்ப வழியில்லை என்று அக்குழுவே எச்சரித்திருந்தது. நிறுவிய பலரின் போன்களில் ஜிபிஎஸ் சரியாக இயங்கவில்லை. ஆப்பிளின் அசல் ஃபர்ம்வேரும் வழக்கம்போல் நிறுவப்படவில்லை. தொடர்ந்து கஸ்டம் ஃபர்ம்வேரையே நம்பியிருக்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

மூன்றாம் தடை: 3194

2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ் உடன் பூட்டு போனுக்கு வெளியே நகர்ந்தது. ஒவ்வொரு நிறுவலின்போதும் ஐடியூன்ஸ் அந்தப் போனின் தனி அடையாள எண்ணை ஆப்பிளின் சேவையகத்துக்கு அனுப்பி, அந்தப் போனுக்கு மட்டும் பொருந்தும் கையொப்பத்தைப் பெற்றாக வேண்டும். புதிய பதிப்பு வெளிவந்த சில நாட்களில் பழைய பதிப்புக்குக் கையொப்பமிடுவதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதன்பின் பழையதை நிறுவ முயன்றால் 3194 பிழை வரும்.

சிடியாவை உருவாக்கிய ஜே ஃப்ரீமன், இக்கையொப்பங்களைச் சேமித்துத் திரும்ப வழங்கும் சேவையகத்தை 2009இல் அமைத்தார். இவை 'எஸ்எச்எஸ்எச் பிளாப்' எனப்பட்டன. கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், ஐடியூன்ஸ் ஆப்பிளுக்குப் பதில் இச்சேவையகத்தை அணுகும். பின்னாளில் இந்த வரியே புதிய சிக்கலானது. அதை நீக்க மறந்தவர்களுக்கு, அசல் ஃபர்ம்வேரை நிறுவும்போதும் 3194 வந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து அவ்வரியை அழிப்பதே தீர்வு.

2011 அக்டோபரில் வெளியான ஐஓஎஸ் 5, கையொப்பத்துடன் ஒவ்வொரு முறையும் மாறும் ஓர் எண்ணையும் இணைத்தது. முன்பு சேமித்த கையொப்பத்தை அப்படியே மீண்டும் பயன்படுத்துவது இதனால் தடுக்கப்பட்டது.

சட்டமும் உரிமையும்

விலை கொடுத்து வாங்கிய கருவியில் எது இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது. ஜெயில்பிரேக் செய்வதற்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டதாக 2010 ஜூலை 26 அன்று அந்நாட்டின் நாடாளுமன்ற நூலகம் அறிவித்தது. ஆனால் இவ்விலக்கு ஆப்பிளை எதையும் அனுமதிக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. போன் பழுதானால் உத்தரவாதத்தை மறுக்க அந்நிறுவனத்தால் முடிந்தது. சட்டம் அனுமதித்ததைக் கையொப்பச் சேவையகம் மறுத்தது. இழப்பு பயனரின் தலையில் விழுந்தது.

பிற்காலம்

2010 அக்டோபரில் ஹாட்ஸ் வெளியிட்ட லைமரெயின், பூட்ரோமிலேயே இருந்த குறையைப் பயன்படுத்தியது. பூட்ரோமைப் புதுப்பிப்பால் திருத்த முடியாது என்பதால், ஏற்கெனவே விற்ற ஐபோன் 4 வரையிலான போன்களில் அக்குறை நிலைத்தது. 2019 செப்டம்பரில் வெளியான செக்எம்8, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை இதே வகைக் குறையைக் காட்டியது. இதற்கிடையே, ஜெயில்பிரேக் மூலம் மக்கள் நாடிய பின்னணிப் படம், பல செயலிகளை மாற்றி மாற்றி இயக்குதல், வேறு விசைப்பலகை போன்ற வசதிகளை ஆப்பிளே படிப்படியாக வழங்கியது. கஸ்டம் ஃபர்ம்வேரின் தேவையும் குறைந்தது.

பழைய ஐபோன்களை இன்று மீட்க முயல்வோருக்கும் அந்த அனுபவம் பயன்படும். தரவுகளை முதலில் நகலெடுக்க வேண்டும். பிழை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தடை கம்பியிலா, பூட்ரோமிலா, பேஸ்பேண்டிலா, சேவையகத்திலா என்று பிரித்தறிந்த பிறகே அடுத்த முயற்சியைத் தொடங்க வேண்டும்.