நல் (உறவுசார் தரவுத்தளம்)

நல் என்பது உறவுசார் தரவுத்தளத்தின் ஒரு புலத்தில் மதிப்பு இல்லை என்பதைக் காட்டும் குறி. அது சுழியும் அன்று, வெற்றுச் சரமும் அன்று. பிழைச்செய்தி எதுவும் வராமலேயே எஸ்கியூஎல் வினவல் தவறான விடை தருவதற்கு நல் ஒரு முக்கியக் காரணம். ‘மதிப்பு தெரியவில்லை’, ‘மதிப்பே பொருந்தாது’ ஆகிய இரு நிலைகளையும் இந்த ஒரே குறி சுமக்கிறது. அதனால் வினவலில் வெளிப்படும் கோளாறின் வேர் பல வேளைகளில் அட்டவணை வடிவமைப்பில்தான் இருக்கும்.

வரலாறு

ஐபிஎம் சான் ஓசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் எஃப். காட் 1970-ல் உறவுசார் மாதிரியை முன்வைத்தார். நல் குறியையும் அதற்குரிய மும்மதிப்புத் தருக்கத்தையும் 1979-ல் வெளியான கட்டுரையில் விவரித்தார். 1985-ல் அவர் வகுத்த விதிகளில் மூன்றாவது, விடுபட்ட தகவலை எல்லாத் தரவு வகைகளிலும் ஒரே முறையில் கையாள வேண்டும் என்கிறது. 1990-ல் வெளியான நூலில், தெரியாத மதிப்புக்கு ஒன்றும் பொருந்தாத மதிப்புக்கு ஒன்றுமாக இரு தனிக் குறிகளை அவர் பரிந்துரைத்தார். எஸ்கியூஎல் அதை ஏற்கவில்லை. உறவுசார் கோட்பாட்டின் மற்றொரு முக்கிய எழுத்தாளரான கிறிஸ் டேட், நல் குறியே கூடாது என்று வாதிட்டவர்.

மும்மதிப்புத் தருக்கம்

நல் இடம்பெறும் எந்த ஒப்பீட்டின் விடையும் மெய், பொய் ஆகிய இரண்டிலும் சேராது. ‘தெரியாது’ என்றே வரும். நல் குறியை நல் குறியோடு ஒப்பிட்டாலும் இதே விடைதான். ஆகவே சமக்குறி போட்டுத் தேடினால் ஒரு பதிவும் கிடைக்காது. ‘இஸ் நல்’ என்றே கேட்க வேண்டும். ‘வேர்’ நிபந்தனை, விடை மெய்யாக இருக்கும் பதிவுகளை மட்டும் தரும். ‘செக்’ கட்டுப்பாடோ விடை பொய்யாக இருந்தால் மட்டுமே பதிவை மறுக்கும். எனவே ‘சம்பளம் சுழிக்கு மேல்’ என்ற கட்டுப்பாட்டை நல் தடையின்றிக் கடந்துவிடும்.

வினவல்களில் தோன்றும் கோளாறுகள்

ஆரக்கிள் நிறுவனத்தின் பழைய மாதிரித் தரவுத்தளமான ‘ஸ்காட்’டில் உள்ள ஊழியர் அட்டவணை இதற்கு நல்ல சான்று. அதில் 14 பதிவுகள் உண்டு. கமிஷன் புலத்தில் நான்கு விற்பனையாளர்களுக்கு 300, 500, 1400, 0 என்ற மதிப்புகளும் மற்ற 10 பேருக்கு நல் குறியும் உள்ளன. தலைவர் கிங்கின் மேலாளர் எண்ணும் நல்.

கூட்டல்: சம்பளத்தோடு கமிஷனைக் கூட்டினால் 10 பேருக்கு விடை நல். 5000 சம்பளம் பெறும் கிங்கின் மொத்த வருமானமும் இல்லாமற்போகும்.

சராசரி: கமிஷனின் சராசரி 550 என வரும். 2200 என்ற கூட்டுத்தொகை 14-ஆல் அன்றி 4-ஆல் வகுபடுவதே காரணம். நல் குறியைச் சுழியாக மாற்றினால் சராசரி ஏறத்தாழ 157. எது சரி என்பது கேட்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

நாட் இன்: எவருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் எட்டுப் பேர். மேலாளர் எண்களின் பட்டியலில் இல்லாதவர்களை ‘நாட் இன்’ கொண்டு தேடினால் ஒருவர்கூட வரமாட்டார். பட்டியலில் கிங்கின் நல் இருப்பதால், எந்த ஊழியருக்கும் நிபந்தனை முழுவதும் மெய்யாவதில்லை. ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ பயன்படுத்தினாலும், உள்வினவலில் நல் குறியை நீக்கினாலும் எட்டுப் பேரும் கிடைப்பார்கள்.

வெளி இணைப்பு: 40-ஆம் துறையில் ஊழியர் எவரும் இல்லை. துறை அட்டவணையோடு ஊழியர் அட்டவணையை இடது வெளி இணைப்பால் சேர்த்துப் பதிவுகளை எண்ணினால் அத்துறைக்கு 1 என வரும்; ஊழியர் எண் புலத்தை எண்ணினால் சரியான விடையான 0 வரும். ஊழியரின் சம்பளம் பற்றிய நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் எழுதினால் 40-ஆம் துறையே விடுபட்டுவிடும். அந்த நிபந்தனை ‘ஆன்’ பகுதியில் இருக்க வேண்டும்.

மென்பொருள் வேறுபாடுகள்

ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல் எனவே கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் ஆகியவை இரண்டையும் வேறுபடுத்துகின்றன. தனித்தன்மைக் கட்டுப்பாடுள்ள ஒற்றைப் புலத்தில் எஸ்கியூஎல் சர்வர் ஒரே ஒரு நல் குறியை அனுமதிக்கும். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் இயல்பாகப் பலவற்றை அனுமதிக்கும். ஏறுவரிசையில் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லும் நல் பதிவுகளைக் கடைசியிலும், மைஎஸ்கியூஎல்லும் எஸ்கியூஎல் சர்வரும் முதலிலும் வைக்கும். ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இவற்றைச் சோதிப்பது கட்டாயம்.

அட்டவணை வடிவமைப்பு

கட்டாயம் இருக்க வேண்டிய புலங்களுக்கு ‘நாட் நல்’ கட்டுப்பாடு விதிப்பதே முதல் காப்பு. தெரியாத தேதிக்கு 9999-12-31, தெரியாத தொகைக்கு 0 என்று போலி மதிப்பு இடுவது நல் குறியைவிடத் தீங்கானது. அத்தகைய மதிப்பு கணக்கீடுகளில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.

மதிப்பே பொருந்தாத புலத்தைத் தனி அட்டவணைக்கு மாற்றலாம். ஸ்காட் தரவுத்தளத்தில் கமிஷனைப் பிரித்தால் நான்கு பதிவுகள் கொண்ட அட்டவணை கிடைக்கும். கமிஷனுக்கு உரியவராயினும் எதுவும் ஈட்டாத டர்னர் அதில் 0 என்ற மதிப்போடு இருப்பார். கமிஷனே இல்லாத எழுத்தர்கள் அதில் இடம்பெறமாட்டார்கள். 550 என்ற சராசரி யாருடையது என்ற ஐயத்துக்கும் அப்போது இடமில்லை. ஊழியர் அட்டவணையோடு அதை வெளி இணைப்பால் சேர்த்தால் நல் மீண்டும் தோன்றும். ஆனால் அங்கு அதற்குப் ‘பொருந்தாது’ என்ற ஒரே பொருள்தான். ஆகவே மொத்த வருமானத்தைக் கணக்கிட ‘கோலெஸ்’ சார்பால் அதைச் சுழியாக்குவதில் தவறு நேராது.