லாண்டரிக் கடைப் பின்னறையில் ஒரு பிரஸ்

சுட்டு முடித்த தோட்டாவில் என்ன மிஞ்சும்? பித்தளைக் கூடு மட்டும்தான். ஆனா தோட்டாவிலேயே விலை கூடிய பாகம் அதுதான். அதனால்தான் 1870களில் அமெரிக்கச் சமவெளியின் எருமை வேட்டைக்காரர்கள் கூட்டை வீசி எறியவில்லை. முகாமிலேயே மருந்தும் ஈயக் குண்டும் திரும்ப அடைத்தார்கள். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி இதற்கென்றே இடுக்கி மாதிரியான கைக்கருவிகளை விற்றது.

மேசையில் பூட்டும் பிரஸ் பற்றித் தேடப்போய் எனக்குக் கிடைத்தவர் பிரெட் ஹன்டிங்டன், கலிபோர்னியாவின் ஓரோவில்காரர். உலகப் போர் நேரம், கடையில் குண்டு கிடைக்கவில்லை. 1943இல், அப்பாவின் லாண்டரிக் கடைப் பின்னறையில், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே புதுக் குண்டுகளின் மேலுறையாக மாற்றும் அச்சைச் செய்தார். ‘ராக் சக்’ என்ற மலை அணில் வகையைச் சுடுவதற்கான குண்டு அது. ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்பதன் முதலெழுத்துகள்தான் இன்றைய ஆர்சிபிஎஸ்.

பிரஸ் என்றால் ஒரு நெம்புகோல், ஏறி இறங்கும் தண்டு, மேலே ஒரே ஒரு டை, அவ்வளவுதான். டையின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. இந்த அளவு பொதுவாகிவிட்டதால் ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸிலும் ஏறும்.

வேகமான பிரஸ்கள் வந்தபிறகும் இது ஏன் நிலைத்தது? சிக்கனம்னு நினைச்சேன். அது பாதி உண்மைதான். இதில் ஒரு நேரத்தில் ஒரே வேலை. மருந்து போட்ட கூடுகளைத் தட்டில் நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கலாம். ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம், இல்லையா? அந்த மெதுவான வேகம்தான் காவல்.