வன்னிமைகளின் திறை ஆட்சிமுறை

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே, குளமும் காடுமாகக் கிடந்த பெருநிலப்பரப்பில் வன்னியர் என்னும் பட்டத்தோடு ஆண்டவர்களின் சிற்றரசுகளே வன்னிமைகள். 13ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசு குலைந்த பின் இவை வலுப்பெற்றன. பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, தென்னமரவடி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண மன்னர்களும், 1619இல் அவர்களை வீழ்த்திய போர்த்துக்கேயரும், 1658இல் வந்த ஒல்லாந்தரும் வன்னியை ஆண்ட முறை ஏறக்குறைய ஒன்றுதான். வழக்குத் தீர்ப்பதும் வரி தண்டுவதும் வன்னியர் பொறுப்பு. மேலரசுக்குத் திறை சேர்ந்தால் போதும். அந்தத் திறை யானை. காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தன. கோல்கொண்டா முதலிய இடங்களின் வணிகர் அங்கே வந்து வாங்கினர். ஒல்லாந்தர் ஒவ்வொரு பற்றுக்கும் ஆண்டுக்கு இத்தனை யானை என்று கணக்கு வைத்தனர். வன்னியர் யாழ்ப்பாணம் வந்து பணிவு காட்டவும் வேண்டும். டொன் தியோகு புவிநல்ல மாப்பாணர் போன்ற பெயர்களில் ஞானஸ்நானத்தின் சுவடும் தெரிகிறது.

பழைய அனத்தோலியாவின் ஹிட்டைட் பேரரசிலும் சிற்றரசர்கள் இப்படித் திறை கட்டினர். அமுரு நாட்டுத் துப்பி-தெசுபு ஆண்டுக்கு 300 செக்கல் பொன் செலுத்தவேண்டும் என்று மன்னன் இரண்டாம் முர்சிலியின் உடன்படிக்கை விதித்தது. அங்கே தெய்வங்களைச் சாட்சி வைத்துக் களிமண் பலகையில் எழுதிய ஆணை இருந்தது, மீறினால் சாபம். வன்னியில் மேலரசு பெரிதும் நம்பியிருந்ததோ நிலுவைக் கணக்கை.

வன்னியில் திறை ஒழுங்காக வரவில்லை. காட்டுக்குள் நுழைந்து வன்னியரைப் பிடிப்பது எளிதன்று; நெருக்கினால் அவர்கள் கண்டி அரசின் பக்கம் சாயவும் கூடும். பனங்காமத்துக் கயிலை வன்னியன் ஒல்லாந்தருக்குத் திறை கொடுக்க மறுத்து நின்றவர். இந்தப் பகுதிக்கு அடங்காப்பற்று என்று பெயர் வழங்கியது பொருத்தமே. முள்ளியவளையின் அயலூரான வற்றாப்பளையில் கண்ணகை அம்மனை இகழ்ந்த பறங்கி அதிகாரியைக் கோயிற் பனிச்சை மரம் ஆடிக் காய்களால் அடித்தது என்ற கதை இன்றும் பக்தியோடு சொல்லப்படுகிறது. வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ள முடியாது. ஆனால் மேலரசை இந்த மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அது எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

1780களில் ஒல்லாந்தர் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, வன்னியரை அகற்றி, லெப்டினன்ட் நாகல் என்பவரின் கீழ் நேரடி ஆட்சி அமைத்தனர். வன்னிச்சி (வன்னியர் பட்டம் பெற்ற பெண்) ஒருத்தி கடுமையாக எதிர்த்ததால் கொழும்புக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டாள். பின்வந்த பிரித்தானியரை எதிர்த்து வன்னித் தலைவனான பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் படையினரை விரட்டினான். அதே ஆண்டு அக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் பிரித்தானிய அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். அந்தத் தோல்வியைக் குறித்து அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது.