ஜன்னலிலிருந்து 30 அடி

சென்னையில் 27 ஆண்டுகளாக அலுவலகக் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். என் மேஜைக்கு வரைபடம் வரும்போது அதில் எல்லாமே முடிவாகியிருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு எட்டு மாடிக் கட்டடம். மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. "இந்த வெயிலை உள்ளே விட்டுட்டு அப்புறம் ஏசி போட்டு விரட்டணுமா சார்? கண்ணாடியைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்றேன். "எலிவேஷன் ஓகே ஆயிடுச்சு சார். எத்தனை டன்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார் ஆர்க்கிடெக்ட். சொன்னேன். அத்தனை டன்னுக்கும் காற்றைக் கொண்டுபோக டக்ட் பெருத்தது. பெருத்த டக்ட் பீமில் இடித்தது. ஃபால்ஸ் சீலிங் தலைக்கு மேல் இறங்கி வந்தது.

என்னை அதைவிட உறுத்தியது வேறொன்று. என் கட்டணம் ஏசி வேலையின் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு. டன் ஏற ஏற எனக்கு வரும்படி. மின்சாரத்தை மிச்சப்படுத்த நான் ராத்திரி கண் விழித்து வேலை பார்த்தால் என் கூலிதான் குறையும். ஒரு கட்டடத்தை ஆளுக்கொரு துண்டாக வெட்டிக்கொள்ளும் இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று தேடப் போனேன்.

1931-இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இந்த வெட்டு இல்லை. அதில் ஏசி கிடையாது, ஜன்னல்கள் திறக்கும். வாடகைக்கு விடும் இடத்தின் ஆழம் ஜன்னலிலிருந்து 28 அடி. அதற்கு மேல் பகல் வெளிச்சம் எட்டாது, எட்டாத இடத்துக்கு வாடகையும் வராது. ஆகவே கட்டடத்தின் வடிவத்தைப் போடும்போதே வெளிச்சத்தையும் காற்றையும் கணக்கில் வைத்தாக வேண்டும். 1930-களின் கடைசியில் டியூப்லைட் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏசி பரவியது. அந்த 28 அடிக் கட்டுப்பாடு அத்தோடு போயிற்று.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலகக் கட்டடம் எழும்பிய கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. 39 மாடி, 1950-இல் ஊழியர்கள் குடியேறினார்கள். அதன் அகன்ற கண்ணாடி முகங்கள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. வடிவமைப்புக் குழுவிலிருந்த லெ கொர்புசியே, வெளியே வெயில் தடுப்புப் பலகைகள் இல்லாமல் அப்படிக் கண்ணாடி வைக்கக் கூடாது என்று 1947-லேயே எச்சரித்துக் கடிதம் எழுதினார். பலகைகள் வரவில்லை. சூட்டை உறிஞ்சும் கண்ணாடியும், உள்ளே மடக்குத் திரைகளும், பெரும் ஏசி ஏற்பாடும் வந்தன. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகமெங்கும் என் தொழில் எப்படி நடக்கப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. வடிவம் ஒருவர் முடிவு செய்வார். விளைவை இன்னொருவர் இயந்திரம் வைத்துச் சரிசெய்வார்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன் பலனாக 1977-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கோல்டன் என்ற ஊரில், சூரிய சக்தி ஆய்வு நிலையம் ஒன்றை அரசு தொடங்கியது. 1978 மே 3 அன்று ஜனாதிபதி கார்ட்டர் அங்கே வந்து, கொட்டும் மழையில் சூரியனைப் பற்றிப் பேசினார். 1980-களில் ரேகன் அரசு பணத்தை வெட்டியது. 1991-இல் அதுவே தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் ஆயிற்று. ஆனால் அலுவலகக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொன்ன அந்த ஆய்வாளர்களில் பலர், நெடுங்காலம் பக்கத்து வணிக வளாகத்தில் வாடகை அறைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

2008-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்டடத்துக்கு டெண்டர் விட்டார்கள். அந்த ஆவணத்தைப் படித்த இரவு எனக்கு மறக்காது. வழக்கமாக டெண்டரோடு வரும் வரைபடங்கள் அதில் இல்லை. சுமார் 6.4 கோடி டாலர், இதற்கு மேல் ஒரு காசு கிடையாது. கட்டடம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் மூன்று படியாக எழுதியிருந்தார்கள்: கட்டாயம், மிகவும் விரும்பத்தக்கது, முடிந்தால். இரண்டாம் படியில் ஓர் எண். சதுர அடிக்கு ஆண்டுக்கு 25,000 பிடியூ, நம் கணக்கில் சுமார் 7 யூனிட். கணினி, விளக்கு, ஏசி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மூன்றாம் படியில், ஆண்டு முழுதும் செலவாகும் ஆற்றலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கட்டடம்.

ஹேசல்டன் என்ற கட்டுமான நிறுவனமும் ஆர்.என்.எல். என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனமும் ஸ்டான்டெக் பொறியாளர்களும் ஒரே அணியாக வந்து மூன்றாம் படியையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆட்கள் 800-க்கும் மேல் கூடியதாலும், வளாகம் முழுவதற்குமான டேட்டா சென்டர் உள்ளே வந்ததாலும் அந்த எண் 35,000 ஆகத் திருத்தப்பட்டது. அப்போதும் அது சுமார் 10 யூனிட்தான்.

முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் எண் எல்லோரையும் ஒரே மேஜைக்கு இழுத்தது. கட்டடத்தை அகலம் 60 அடியே உள்ள நீண்ட சிறகுகளாகப் பிரித்தார்கள். யாரும் ஜன்னலிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி உட்காரவில்லை. எம்பயர் ஸ்டேட்டின் பழைய கணக்கு கிட்டத்தட்ட அப்படியே திரும்பியிருந்தது. தெற்குச் சுவரில் ஊசித்துளை போட்ட கருநிறத் தகடு பதித்தார்கள். குளிர்காலத்தில் அதன் வழியே சூடேறி வரும் காற்று, அடித்தளத்தில் வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் சந்துகளில் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும். அஸ்திவாரம் போட்டவரும் ஏசிக்காரரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கிறது. மாடிதோறும் கூரைத் தளத்தில் ஓடும் நீர்க்குழாயின் மொத்த நீளம் 67 கிலோமீட்டர். அறையைக் குளிர்விப்பதும் சூடாக்குவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். மேஜைகளுக்கு இடையிலான தடுப்புகளைத் தாழ்த்தினார்கள், வெளிச்சம் உள்ளே போக. டெஸ்க்டாப் போய் லேப்டாப் வந்தது. மேஜை விளக்கு 6 வாட். வெளியே காற்று இதமாக இருந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கணினித் திரையில் ஒரு குறி தோன்றும். எழுந்து போய்த் திறப்பது ஊழியர்தான். 2010-இல் வேலை முடிந்தது.

கோல்டனின் வறண்ட, குளிர்ந்த இரவுக் காற்று நமக்குக் கிடையாது. மே மாதச் சென்னையில் ராத்திரி ஜன்னலைத் திறந்தால் புழுக்கம்தான் உள்ளே வரும். அறையைச் சூடாக்கத் தேவையில்லாத இந்த ஊருக்கு அந்தக் கருந்தகட்டையும் கான்கிரீட் சந்துகளையும் கொண்டுவந்தும் பயனில்லை.

நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். இப்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். போன மாதம் சிறுசேரி பக்கம் ஒரு காலி மனையில் ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரும் நானும் சாயங்காலம் 4 மணிக்கு நின்றோம். தாளில் ஒரு கோடுகூட விழுந்திருக்கவில்லை. வெயில் எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்து, லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் மேற்கே தள்ளினோம். டன் எத்தனை என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை.