ஆராய்ச்சிக்கும் அனுமதி வேண்டும்



நமது தோட்டத்து வீடுகளில் இன்றும் புழுங்கலரிசிச் சோற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. உடம்புக்கு வலு கொடுப்பது அதுதான் என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்தப் புழுங்கலரிசியை வைத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் நமது கோலாலம்பூரில் ஒரு சோதனை நடந்தது. மருத்துவ உலகம் மறக்காத சோதனை அது. அதன் கதையையும், அதிலிருந்து பிறக்கும் ஒரு கேள்வியையும் இன்று காண்போம்.

முன்னாளில் மலாய் நாட்டை வாட்டிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துப் போகும்; வீங்கும்; நடக்க இயலாது; முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியாயினர். காரணம் எவருக்கும் தெரியவில்லை. தொற்றுநோய் என்றனர் சிலர். நச்சு என்றனர் சிலர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, மலேரியாவுடன் பெரிபெரியும் அதன் முன் நின்ற பெரும் புதிராக இருந்தது.

அந்நாளில் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அதே ஊரில், அதே மழையில், அதே கொசுக்கடியில் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. சீனர்கள் உண்டது சயாமிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. நோய் அரிசியில்தான் இருக்கிறது என்றார் பிராடன். பலர் அதை ஏற்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க முனைந்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பக்கம். இரட்டைப்படை எண்ணினர் மறுபக்கம். முதற்பிரிவுக்குச் சயாம் பச்சரிசி. இரண்டாம் பிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசி. கட்டடத்தில் நோய் இருக்குமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரின் இருப்பிடத்தையும் மாற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

முடிவு என்ன? பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவ்விருவரும் நோயுடனேயே உள்ளே வந்தவர்கள். பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. 1907இல் இம்முடிவு இலண்டன் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று.

பின்னர், ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை போடும் 300 சாவகத் தொழிலாளர்களிடையே இதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டோரத்துச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. அச்சத்தையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நம் முன்னோர் சத்தின் பெயரை அறியார். ஆயினும் அவர்களது உலைப்பானை அவர்களைக் காத்தது.

இச்சோதனையால் பின்னாளில் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால், வரிசையில் நின்ற அந்த நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். எதற்காக எண்ணச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்? உனக்குச் சம்மதமா என்று யார் கேட்டார்? தம் மனத்தைத் தாமே ஆள முடியாதவர்கள் அவர்கள். 18 பேர் மாண்ட கணக்கு ஏட்டில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு அன்று இடமே இல்லை.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று நினைக்க நமக்கு மனம் வருவதில்லை. நாம் தோட்டத்துப் பிள்ளையாய் இருந்த காலத்தில், ஓர் இரவு சிலர் விளக்குடன் லயத்துக்கு வந்து, உறங்கியவர்களை எழுப்பி, விரலில் குத்தி இரத்தம் எடுத்தனர். எதற்கு என்று அப்பா கேட்டார். கையை நீட்டு என்பதே பதில். முடிவையும் எவரும் வந்து சொல்லவில்லை. யானைக்கால் நோய்ப் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக ஓடும் என்பதை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் அறிந்தோம். நல்ல காரியமாகவே இருந்திருக்கும். அதை ஒரு வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால், பாட்டி விடியும்வரை பயந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

உலகம் இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. இரண்டாம் உலகப் போரில் செர்மானிய நாசி மருத்துவர்கள் கைதிகள் மீது கொடிய சோதனைகள் நடத்தினர். 1947இல் நூரம்பர்க் நீதிமன்றம் அவர்களுக்குத் தீர்ப்பளித்தபோது, சோதனைக்கு உட்படுபவரின் மனமார்ந்த சம்மதம் இன்றியமையாதது என்று விதி வகுத்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் எல்சிங்கி நகரில் மருத்துவர்களுக்கான அறநெறிகளை வெளியிட்டது. 1975இல் அதைத் திருத்தி, ஒவ்வோர் ஆராய்ச்சித் திட்டத்தையும் தனிக்குழு ஒன்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்று சேர்த்தது. ஆராய்ச்சி செய்பவரே தமக்குத் தாமே அனுமதி அளித்துக்கொள்ளலாகாது என்பதே இதன் சாரம்.

நமது நாட்டிலும் படிப்படியாக இவ்வேற்பாடுகள் வந்தன. 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பதிவு பெறாத மருந்தை மனிதரிடம் சோதித்துப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். 1999இல் மருத்துவச் சோதனைகளுக்கான மலேசிய வழிகாட்டி நூல் வெளிவந்தது. 2002இல் சுகாதார அமைச்சு, மருத்துவ ஆராய்ச்சி அறநெறிக் குழுவை அமைத்தது. 2007 முதல் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடும் இயங்கி வருகிறது. அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் முதலில் அதில் பதிய வேண்டும். பின்னர் குழுவின் அனுமதி பெற வேண்டும். கிள்ளானுக்கு அருகே செத்தியா ஆலமில் உள்ள தேசியச் சுகாதார ஆராய்ச்சி வளாகத்தில் இக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

குழு எதைப் பார்க்கிறது? பங்கேற்பவருக்கு என்ன தீங்கு நேரலாம், என்ன நன்மை விளையலாம் என்று எடை போடுகிறது. சம்மதப் படிவம் புரியும்படி இருக்கிறதா என்று பார்க்கிறது. மனநலம் குன்றியோர், சிறுவர் போன்றோருக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கிறது. பிளெட்சரின் திட்டம் இன்று இக்குழுவின் மேசைக்கு வந்திருந்தால், ஒரு பிரிவில் நோயும் சாவும் பெருகும்போது சோதனையை எப்போது நிறுத்துவீர்கள் என்ற கேள்வி கட்டாயம் எழுந்திருக்கும்.

ஆகவே, நேயர்களே, ஆராய்ச்சி என்றதும் அஞ்சி ஓடவும் வேண்டாம். சொன்னதற்கெல்லாம் கையை நீட்டவும் வேண்டாம். இது எதற்காக? அறநெறிக் குழு அனுமதி தந்திருக்கிறதா? எனக்கு என்ன தீங்கு வரலாம்? முடிவை எனக்குச் சொல்வீர்களா? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களாயின், ஆராய்ச்சியைச் சேராத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டி விளக்க வேண்டும் என்பது விதி. சம்மதித்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்களுக்கு உரிய சிகிச்சை குறையலாகாது.

வரிசையில் நின்று எண் சொன்ன அந்த நோயாளிகளின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களால் நாம் ஒரு நோயிலிருந்து விடுபட்டோம். அவர்களிடம் கேட்கப்படாத கேள்வி நம்மிடமும் நம் பிள்ளைகளிடமும் கேட்கப்பட வேண்டும். அதைப் புரிந்துகொண்டு விடை சொல்லும் அறிவை வீட்டிலும் பள்ளியிலும் நாம் வளர்ப்போமாக.